ஒன்பதாவது விதி

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். நம் குட்டி இனிகா இப்போதுதான் தூங்கினாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்து, இப்போதுதான் உட்கார முடிந்தது. இந்தக் கப்பலில் மெயில் ஒன்றுதான், அதுவும் துறைமுகம் வந்தால்தான் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டீர்கள். அதனால் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். மொத்தமாக அனுப்புவேன். சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரே மூச்சில் வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரு கூத்து. பாதுகாப்பு அலுவலர் என்ற மிடுக்கோடு மதியம் வேதியியல் லேபுக்குள் காலெடுத்து வைத்தேன், குப்பென்று மீன் நாற்றம். அமீன் வகை ரசாயனங்களுக்கு அழுகிய மீன் வாசனை உண்டு. ஏதோ பாட்டில் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி அபாய மணியை அடித்துவிட்டேன். அத்தனை பிள்ளைகளும் வெள்ளை கோட்டோடு இறங்கி வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். நான் மட்டும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாக முகர்ந்தேன்.

அட்டெண்டர் இசக்கிமுத்து அண்ணன் ஸ்டோர் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கிறார். கருவாட்டுக் குழம்பு.

துறைத்தலைவர் சங்கரநாராயணன் சார் மரத்தடியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா ரோஸ்லின், நீ தூத்துக்குடிதான?"

"ஆமா சார்."

"தூத்துக்குடிக்காரிக்குக் கருவாடு தெரியலைன்னா நான் எங்க போய்ச் சொல்ல?"

மரம் மட்டும்தான் சிரிக்கவில்லை.

விடவில்லை நான். லேபைச் சேர்ந்த அறையில் சாப்பிடக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்பம் கருவாடு குத்தம் இல்ல, எடந்தான் குத்தம். அப்படித்தான மேடம்?"

"அப்படித்தான்ணே."

"அப்பம் சரி. நாளைலருந்து வெளிய வச்சு சாப்பிடுதேன். ஒங்களுக்கும் ரெண்டு துண்டு கொண்டாறேன்."

எனக்கு வயிற்றைப் புரட்டியது. வெயில் அப்படி.

செப்டம்பர் 15, திங்கள்

மறுபடியும் மணி அடித்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

இந்தத் தடவை இரண்டாம் மாடி ஆராய்ச்சி லேப். தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு நெடி. யாருக்கும் வரவில்லை, எனக்கு மட்டும் வந்தது. எல்லோரையும் இறக்கிய பிறகு பார்த்தால், கீழே மாடிப்படியில் ஃபினாயில் ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். அது இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறது, என் மூக்கைத் தேடிக்கொண்டு.

ஆனாலும் லேபிலிருந்து சும்மா திரும்பி வரவில்லை. வேலை முடிந்த ரசாயன மிச்சத்தை ஊற்றிவைக்க ஆளுக்கொரு வேஸ்ட் பாட்டில் உண்டு. கண்ணாடி பாட்டில். அதில் பாதிக்கு மூடி ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது. ஆவி வராமல் என்ன செய்யும்? உடனே ஸ்டிக்கர் அடித்து எல்லாவற்றிலும் ஒட்டினேன்: "மூடியைக் கெட்டியாக மூடுக." ஒவ்வொன்றையும் நானே திருகிக் காட்டினேன்.

செண்பகவல்லி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. கோவில்பட்டிப் பெண். வாய் ஓயாது. என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "மேடம், இனிமே இதத் தொறக்கணும்னா ஊர்லருந்து எங்க மாமாவத்தான் வரச்சொல்லணும். அவர் கபடி பிளேயர்" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இனிகாவுக்குச் சளி. பால் பாக்கெட் நாறுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன், அவர் முகர்ந்துவிட்டு "நல்லாத்தான இருக்கு" என்கிறார். காபி குடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

புது மாணவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். மொத்தம் பத்து விதிகள் எழுதியிருந்தேன். கண்ணாடி போடுவது, தலைமுடியைக் கட்டுவது, லேபில் தின்னாமல் இருப்பது (இந்த இடத்தில் ஒரு பையன் "கருவாடு" என்று இருமினான்). ஒன்பதாவது விதி: கருவுற்றிருப்பவர்கள் பாதுகாப்பு அலுவலரிடம் உடனே தெரிவிக்க வேண்டும், அவர்களுக்குக் கரைப்பான்களும் ஆவியும் இல்லாத வேலை தரப்படும். வாசித்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கிற வயது.

அந்த விதியை எழுதும்போது போன வருடச் சித்திரை ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வகுப்பு முடிந்ததும் சங்கரநாராயணன் சார் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். நல்ல செய்தி என்றால் அவர் டீ வரவழைக்க மாட்டார்.

"இந்த மாதக் கடைசியோட ஒன்னோட போஸ்டிங் முடியுதுல்லா? பூஜை லீவு முடிஞ்சதும் ரிஜிஸ்ட்ரார் உக்காந்து, இப்படி ஒரு ஆபீசர் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதாரு. ரெண்டு மணி அடிச்சது அவர் காதுக்குப் போயிட்டு."

"அடிக்காம இருந்திருக்கணுமா சார்?"

"அப்படிச் சொல்லல. ஆனா மூணாவது வாட்டியும் கருவாடா இருந்துச்சுன்னா, நான் பேசுததுக்கு வாய் இருக்காது. பாத்துக்க."

டீயைக் குடிக்க முடியவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்.

அத்தான், எனக்கு இந்த வேலை வேண்டும். படித்துவிட்டு இனிகாவுக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே ஒரு லேபுக்குள் நுழைந்து, எங்கே எது கசியும், எது எதோடு சேரக் கூடாது என்று பார்க்கும்போது என் பயமெல்லாம் உதவிக்கு வருகிறது. வேறு எங்கே அதற்கு மதிப்பு? கேஸை மூடினேனா என்று எழுந்துபோய்ப் பார்க்கிற புத்திக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்த முதல் இடம் இது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாதா கோவிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போனோம். சாம்பிராணி போட்டதும் தலை சுற்றியது, இனிகாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மாதா சிலை இருக்கும் கெபிப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

மாமி போன் செய்தார்கள். "அவன் கடல்ல கெடக்கான், நீ அங்க தனியா பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு என்னத்தக் காவல் காக்க? வீட்டப் பூட்டிட்டு வந்துரு மக்கா. வேலைதான் முடியப்போவுதாமே?" யார் சொன்னதோ. பிறகு குரலை இறக்கி, "வேற ஏதும் விசேஷம் உண்டுமா?" என்றார்கள்.

ஆயுத பூஜை வருகிறது மாமி, அதுதான் இங்கே விசேஷம் என்றேன். சரி மக்கா, சாப்பிடு என்று வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்

சூடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நாலு நாளாக வாய் வரை வந்து நின்றுகொண்டிருந்த பேச்சு.

இந்தத் துறையில் ஆயுத பூஜை பெரிய கொண்டாட்டம் அத்தான். லேபைக் கழுவித் துடைத்து, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு எல்லாவற்றையும் அணைத்து ஓய்வு கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிவந்து, லேபின் நட்டநடுவில் சூடம் கொளுத்துவார்கள். சுற்றிலும் ஈதரும் அசிட்டோனும். ஒரு பொறி போதும். இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஆனால் சொல்லப்போவது யார்? ரோஸ்லின். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. "பூஜை வேண்டாம்" என்று நான் சொன்னதாகத்தானே காதில் விழும்? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இனிகாவிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள், "சூடம் சுடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

கூட்டத்தில் சொன்னேன். பூஜை வேண்டும். சந்தனம், குங்குமம், பூ உள்ளே வைக்கட்டும். தீ மட்டும் வராண்டாவில். சாமி படம், பழம், பொரி எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

இசக்கிமுத்து அண்ணன்தான் வருடாவருடம் பூஜையை நடத்துகிறவர். முகம் சுருங்கிவிட்டது. "சாமி லேபுக்குள்ள வரணும்னா பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வரணுமா மேடம்?"

"சாமிக்கு வேண்டாம்ணே. சூடத்துக்குத்தான் கட்டுப்பாடு."

பின்னாலிருந்து ஒரு குரல், மெல்ல: "அவங்களுக்கென்ன, அவங்க சாமியா..."

காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். சங்கரநாராயணன் சாருக்கு விழுந்துவிட்டது. "எவம்டே அது? கிறிஸ்மஸுக்கு மெழுகுவத்திய இந்த லேபுல ஏத்திப் பாருங்க. இந்த அம்மா மாதாவையும் சேத்து வெளிய அனுப்பிரும்."

சிரிப்பில் எல்லாம் கலைந்துவிட்டது. தனியாக என்னிடம், "நாலு வருசமா இதச் சொல்லணும்னு எனக்கும் நெனப்புதான். நான் சொன்னா எம் பொண்டாட்டி வீட்டுல விடமாட்டா" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

துறைக் கூட்டத்தில் தூங்கிவிட்டேன். செண்பகவல்லி மேஜைக்கடியில் காலை மிதித்து எழுப்பினாள்.

செப்டம்பர் 29, திங்கள்

லேபைக் கழுவினார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். ஒட்டடை, காலாவதியான பாட்டில், யாரோ எப்போதோ மறந்துபோன ஒற்றைச் செருப்பு, எல்லாம் வெளியே போயின. வராண்டாவில் எங்கே சூடம் ஏற்றுவது என்று தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். பக்கத்தில் தீயணைப்பான், மணல் வாளி. அந்த வட்டத்துக்கு இசக்கிமுத்து அண்ணன் கோலமே போட்டுவிட்டார்.

வேஸ்ட் பாட்டில்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கெட்டியாக மூடியிருந்தது. எனக்கு அத்தனை திருப்தி. இனிகாவை இரவு நானே பாட்டுப் பாடித் தூங்கவைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இனிகா நன்றாக இருக்கிறாள். நானும். எல்லோரும்.

குழந்தைகள் காப்பகம் அரை நாளோடு மூடிவிட்டார்கள், அதனால் அவளையும் கூட்டிப்போனேன். பாவாடை கட்டிக்கொண்டு, தலைநிறையப் பூ. இரண்டாம் மாடி வராண்டாவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆசிரியர்களின் குடும்பங்கள், பிள்ளைகள், வாழைக்கன்று, சுண்டல் பாத்திரம். லேப் கதவுக்கு நேரே பாய் விரித்து வாண்டுகளை உட்கார வைத்திருந்தார்கள். இனிகா நடுவில், மடி நிறையப் பொரி.

சூடம் ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே தீ எதுவும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட நினைத்து லேபுக்குள் போனேன். ஆள் இல்லை. கண்ணாடிக் குடுவைகள் வெள்ளிப் பாத்திரம்போல மின்னின. ஃப்யூம் ஹூட் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஆவி வரும் வேலையெல்லாம் செய்கிற பெட்டி, மேலே ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவோடு, உங்கள் எஞ்சின் ரூம் எக்ஸாஸ்ட் மாதிரி விசிறியோடு? அதற்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, விசிறியை அணைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

பழ வாசனை வந்தது.

இனிப்பான, கொஞ்சம் நாள்பட்ட ஆப்பிள் வாசனை. பூஜை நாள், பழ வாசனை வரத்தானே செய்யும் என்று திரும்பிவிட்டேன். கதவு வரை வந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. பழமெல்லாம் வெளியே இருக்கிறது. நான்தான் வெளியே வைக்கச் சொன்னேன். வெளியே சாம்பிராணி வாசனை. உள்ளே பழ வாசனை. அது எப்படி?

திரும்பிப் போனேன். ஹூட்டுக்குள் ஒரு வேஸ்ட் பாட்டில். அதற்கும் பாசமாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள், என் ஸ்டிக்கருக்கு மேலேயே. உள்ளே திரவம் பொடிப்பொடியாகக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. மேலே வெற்றிடத்தில் செம்பழுப்பாகப் புகை. மூடி கெட்டியாக மூடியிருந்தது, அதன் ஓரத்தில்தான் வாசனை கசிந்தது.

அதைத் தொடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. ஹூட்டின் கண்ணாடிக் கதவை மேலிருந்து கீழே முழுக்க இறக்கினேன். லேப் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். நடந்துதான் வந்தேன், ஓடவில்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

சுவரில் அபாய மணி. கை நீட்டினால் எட்டும். இரண்டு தடவை நான் அடித்த அதே மணி. இன்றைக்கு அடித்தால், "மேடத்துக்குச் சுண்டல் வாசம் வந்துட்டு" என்று சிரித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள். அதற்குள் பாயில் இருக்கும் பிள்ளைகள்...

சங்கரநாராயணன் சார் கையில் தட்டு, இசக்கிமுத்து அண்ணன் சூடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாரின் காதருகே போனேன். "சார், எல்லாரையும் கீழ இறக்கணும். இப்பவே."

அவர் தட்டைப் பார்த்தபடியே, "மறுபடியும் மூக்காம்மா?" என்றார்.

"மூக்குதான் சார். உள்ள பழ வாசன வருது. பழம் பூரா வெளிய இருக்கு. ஹூட்ல ஒரு வேஸ்ட் பாட்டில் கொப்புளம் விடுது. பழுப்புப் புகை."

தட்டு அவர் கையில் நின்றுவிட்டது. ஆல்கஹாலும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் என்ன வாசனை வரும் என்று ஆயுள் முழுவதும் பாடம் நடத்தியவர். என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், கதவுக்கு நேரே இருந்த பாயைப் பார்த்தார். பிறகு வராண்டாவே அதிரும் குரலில்:

"நல்ல நேரம் முடியப்போவுது! மொதல்ல கீழ போயி பூசணிக்கா ஒடைக்கணும். எல்லாரும் எறங்குங்க. பிள்ளைய எல்லாம் தூக்கிக்கிடுங்க!"

இசக்கிமுத்து அண்ணன் வாயைப் பிளந்தார். "சார், இன்னும் சூடமே காட்டல. பூசணிக்கா கடைசியில்லா?"

"இந்த வருசம் மொதல்ல. எந்திரிடே!"

"சுண்டல்..."

"சுண்டல் எங்கயும் ஓடாது. நீ ஓடு!"

அவரே பூஜை மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். கூட்டம் சிரித்துக்கொண்டே பின்னால் போனது. நான் இனிகாவை இடுப்பில் அள்ளிக்கொண்டு கடைசியாக இறங்கினேன், வராண்டாவில் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு. பொரி வழியெல்லாம் சிந்தியது. "என் செருப்பு, என் செருப்பு" என்று அவள் அழுதாள்.

கீழே வேப்பமரத்தடியில் செண்பகவல்லியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஹூட் பாட்டில்ல இன்னைக்கு யாராவது எதையாவது ஊத்துனீங்களா?"

"நான்தான் மேடம். பூஜைக்கு ஃபிளாஸ்க் எல்லாம் பளபளன்னு இருக்கட்டும்னு நைட்ரிக் போட்டுக் கழுவுனேன். அந்தத் தண்ணிய..." அவள் முகம் வெளுத்தது. "அதுல எத்தனால் வேஸ்ட் இருந்துச்சு. அய்யோ. மூடிய வேற நல்லா இறுக்கிட்டேன். மேடம், நான் போயி மூடியத் தொறந்துவிட்டு வந்துர்றேன்."

சொல்லி முடிக்கும் முன் படிக்கட்டுக்கு ஓடினாள். இடுப்பில் பிள்ளை. ஒரு கையால் அவள் துப்பட்டாவை எட்டிப் பிடித்தேன். "நில்லுட்டி!" என்று கத்தினேன். அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கழுத்து இறுகி, இருமிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வெடித்தது. லாரி டயர் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் கண்ணாடி சிதறும் சத்தம். வேப்பமரத்துக் காக்கை எல்லாம் கிளம்பின.

இனிகாதான் முதலில் பேசினாள். "பூசணிக்கா ஒடஞ்சிட்டும்மா."

பூசணிக்காய் இசக்கிமுத்து அண்ணனின் கையில் முழுசாக இருந்தது. அவர் அதைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்து, புகை போகும்வரை ஒருவரையும் மேலே விடவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தோம். ஹூட்டின் கண்ணாடிக் கதவு முழுக்க விரிசல், ஆனாலும் விழாமல் நின்றிருந்தது. உள்ளே சுவரெல்லாம் கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டிருந்தது. கதவுக்கு நேரே பாய் அப்படியே கிடந்தது, அதில் இனிகாவின் ஒற்றைச் செருப்பு.

செருப்பைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. சாரின் மனைவி தண்ணீர் கொடுத்தார்கள்.

அக்டோபர் 1, புதன்

விடுமுறை. இனிகா நாளெல்லாம் தலையணையைப் பூசணிக்காய் என்று கீழே போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் செண்பகவல்லி வந்தாள், பொரியும் அவலும் எடுத்துக்கொண்டு. கண் வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்று, "மேடம், என்னப் பத்தி ரிப்போர்ட் எழுதுவீங்கல்ல? எழுதுங்க. நான் பண்ணுனதுதான்" என்றாள்.

உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். நேற்று இரவு முழுவதும் யோசித்ததைச் சொன்னேன். அவள் தப்பான பாட்டிலில் ஊற்றினாள், உண்மை. ஆனால் அமிலத்துக்கென்று தனிப் பாட்டில் அந்த ஹூட்டில் இல்லை, அதை நான் வைக்கவில்லை. மூடியைக் கெட்டியாக மூடு என்று ஒட்டியது நான். நாற்றத்தை அடக்குவதிலேயே இருந்தேன். எது எதோடு சேரக் கூடாது என்பதைப் பாட்டில் மேல் எழுதவில்லை. எல்லோரும் சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான்தான் அப்படிப் பார்க்கவைத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், என் பெயர் முதலில்.

அவள் கொஞ்சம் அழுதாள். இனிகா தன் சின்னப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டிவிட்டாள். வெங்காயம் உரிக்கும்போது நான் அழுதால் செய்கிற வைத்தியம் அது.

கிளம்பும்போது செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கருவாடு, ஃபினாயில், இப்ப இந்தப் பழம். மீட்டிங்ல தூக்கம் வேற. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அந்த ஒன்பதாவது விதி... அது ஆபீசருக்கும் உண்டா?"

"போடி" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய கதவிலேயே சாய்ந்து வெகுநேரம் நின்றேன்.

நாள் தள்ளிப்போனது எனக்குத் தெரியாமல் இல்லை அத்தான். நீங்கள் ஏறின பிறகு காலண்டரைப் பார்க்காமலேயே இருந்தேன். போன வருடச் சித்திரையில் சந்தோஷப்பட்டு, மாமியிடம் சொல்லி, நீங்கள் பெயர்கூட யோசித்து, பிறகு ஒரு ராத்திரியில் எல்லாம் போய்விட்டது. அதன் பிறகு நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தால் போகாது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். ஊரில் உள்ள நாற்றத்தையெல்லாம் துரத்திக்கொண்டு ஓடியது அதற்குத்தான் போல.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் டாக்டரம்மாவிடம் போனேன். அன்றைக்கு லேபில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டு, எல்லாம் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். திரையை என் பக்கம் திருப்பினார்கள். துடிக்கிறது அத்தான். மினுக் மினுக் என்று, தூரத்தில் கப்பல் விளக்கு தெரிகிற மாதிரி. இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போதைக்கு என்ற வார்த்தையை அவர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள், நான்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஒன்பதாவது விதிப்படி பாதுகாப்பு அலுவலரிடம் முறையாகத் தெரிவித்தேன். அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு, "கரைப்பான் அறைப் பக்கம் கால் வைக்காதே" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

மதியம் ரிஜிஸ்ட்ரார் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை முழுக்க வாசித்திருந்தார், என் பெயர் முதலில் இருந்ததையும். "உங்க மேல நீங்களே குத்தம் எழுதியிருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். சங்கரநாராயணன் சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மூக்க மட்டும் இன்ஷ்யூர் பண்ணிருங்க சார்" என்றார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், விதி என்றால் விதி. அவர் உடனே எழுந்து, எனக்கு டீ வரவழைக்கப் போனவர், பாதியில் நின்று, "டீ வேண்டாம்லா? எலுமிச்சம்பழ ஜூஸ்!" என்று இசக்கிமுத்து அண்ணனைக் கூப்பிட்டார். செண்பகவல்லிதான் இனிமேல் எனக்குப் பதிலாக லேபுக்குள் போய்ப் பார்ப்பாள். நான் வெளியே நின்று சொல்வேன். காற்றை வெளியே விடுகிற மூடிகளும், அமிலத்துக்குத் தனிப் பாட்டில்களும் வாங்கச் சொல்லியாயிற்று. ஸ்டிக்கர்களையெல்லாம் கிழித்துவிட்டேன்.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து என்னை மூட்டை கட்டிவிடுவார்கள். உங்களிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்ல மனமும் வரவில்லை. போன தடவை எல்லோருக்கும் பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது.

நான் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன். இனிகாவும், இதுவும், இந்த வேலையும் என்னோடு இருக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே இருந்துகொள்வேன், எனக்குப் பழக்கம். ஆனால் இந்தத் தடவை நாம் இதைப் பற்றிப் பேச வேண்டும் அத்தான். நல்லதாக இருந்தாலும், வேறு எதுவாக இருந்தாலும்.

இதை இப்போதே அனுப்புகிறேன். கேஸை மூடிவிட்டேன். பார்த்துவிட்டேன்.

வாசித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.